கம்போடியா 7 நாள் பேக்கேஜ்: போய்வந்தவன் சொல்கிறேன்

திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு மூத்த மகள் கொடுத்த பரிசு இந்தப் பயணம். கும்பகோணத்தில் ஒரு டிராவல்ஸில் எனக்கும் வீட்டம்மாவுக்கும் பணம் கட்டிவிட்டு, அப்புறம்தான் எங்களிடம் சொன்னாள். ஆளுக்கு 82,000 ரூபாய். 6 இரவு, 7 நாள். திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் மாறி, அங்கோர் கோயில்கள் இருக்கும் சியெம் ரீப். அங்கிருந்து பஸ்ஸில் தலைநகர் நோம்பென், பிறகு ஊர். டிராவல்ஸ் பெயரைப் போடவில்லை. குறைகளை அவர்களிடமே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், அது போதும்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதைப் பார்த்துவிட்டு எதைக் குறை சொல்கிறேன் என்று புரியாது. வீடு தாராசுரம். பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் லஸ்கராகச் சேர்ந்து, பணி ஆய்வாளராக ஓய்வு பெற்றேன். அரசலாற்றிலும் அதன் கிளை வாய்க்கால்களிலும் ஷட்டர் ஏற்றி இறக்கியே காலம் போயிற்று. வீட்டம்மாவுக்குப் பிறந்த ஊர் காரைக்கால். இந்த இரண்டும் பின்னால் தேவைப்படும்.

முதலில் நல்லது. கூட வந்த டூர் மேனேஜர் தம்பி தங்கமான பிள்ளை. குழுவில் 24 பேர், பாதிக்கு மேல் 55 வயது தாண்டியவர்கள். யாருக்கு மூட்டு வலி, யாருக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இரண்டாம் நாளே அவனுக்கு அத்துப்படி. ஒரு மடக்கு ஸ்டூலைத் தோளில் மாட்டிக்கொண்டே ஏழு நாளும் சுற்றினான். ஹோட்டல் சுத்தம், வெந்நீர் ஒழுங்காக வந்தது, பஸ்ஸில் ஏசி ஓடியது. புது விமான நிலையம் சியெம் ரீப் ஊரிலிருந்து ரொம்ப தூரம், வண்டியில் ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அதற்கும் வண்டி தயாராக நின்றது. இதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டில் உண்டு. நோட்டீஸில் 'தினமும் தென்னிந்திய உணவு' என்று போட்டிருந்தார்கள். கிடைத்தது பனீரும் நானும். மூன்றாம் நாள் சாம்பார் என்று ஒன்று வந்தது, பருப்பைக் குளிப்பாட்டிய தண்ணீர் போல. வீட்டம்மா கொண்டுவந்த பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் எட்டுப் பேரைக் காப்பாற்றியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அங்கோர் கோயில்களுக்கு நுழைவுச் சீட்டு 1 நாளுக்கு 37 டாலர், 3 நாளுக்கு 62 டாலர். 3 நாள் சீட்டை 10 நாளுக்குள் எந்த மூன்று நாளில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஒரே சீட்டில் எல்லாக் கோயிலும் அடங்கும், சீட்டில் நம் போட்டோ இருக்கும், அடுத்தவருக்கு மாற்ற முடியாது. டிராவல்ஸ் எங்களுக்கு வாங்கியது 1 நாள் சீட்டு. அந்த ஒரே நாளில் அங்கோர்வாட், பாயோன், தா புரோம் மூன்றையும் முடிக்க வேண்டும். முடித்தோம், மூச்சு வாங்க.

விடியற்காலை 5 மணிக்குக் குளக்கரையில் சூரியோதயம் பார்க்க நிறுத்தினார்கள். மேகம். அவ்வளவுதான். பிறகு உள்ளே 2 மணி நேரம் கொடுத்தார்கள். அதில் ஒரு மணி நேரம் உச்சி அடுக்குக்கு ஏறும் வரிசையில் போயிற்று. அந்தப் படி செங்குத்து, மேலே ஒரு நேரத்தில் 100 பேர்தான் விடுவார்கள், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி கட்டிப் போன எனக்கு ஒரு கேள்வியும் இல்லை, அரைக்கால் சட்டையில் வந்த இரண்டு பேர் கீழேயே நின்றார்கள்.

கோயில் மேற்கே பார்த்தது. மேற்கு வாசலில் நுழைந்து, நேரே போய், ஏறி இறங்கி, வந்த வழியே திரும்பிவிட்டோம். பாற்கடல் கடையும் சிற்பம் எங்கே என்று கைடிடம் கேட்டேன். அது கிழக்குச் சுற்றில், சுற்றிப் போக நேரமில்லை என்றார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில். அதில் விஷ்ணு நடுவில் நின்று கடலைக் கடையும் 49 மீட்டர் சுவரைப் பார்க்க நேரமில்லை. ஆனால் மறுநாள் பட்டுக்கடையிலும் கல் நகைக்கடையிலுமாக இரண்டே கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். கமிஷன் என்பது குழந்தைக்கும் தெரியும். திருபுவனமும் தாராசுரமும் பட்டு நெய்கிற ஊர்கள், எங்களுக்கா பட்டுக்கடை?

அதே நாள் காலையில் தொன்லே சாப் ஏரிக்குப் படகில் போனதைச் சொல்ல வேண்டும். கம்போங் புலுக் என்கிற கிராமம், ஆறேழு மீட்டர் உயரக் கால்களின் மேல் வீடுகள். நாங்கள் போனது ஐப்பசிக் கடைசி, தண்ணீர் வாசற்படி வரை நின்றது. கோடையில் இதே வீடுகள் அந்தரத்தில் நிற்குமாம். கைடு மீன், முதலை என்று எதையோ சொல்லிக்கொண்டு போனார். அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த ஏரியிலிருந்து மீகாங்குக்குப் போகும் ஆறு, மழைக்காலத்தில் திரும்பி ஓடுகிறது. மீகாங்கில் வெள்ளம் ஏறியதும் அந்தத் தண்ணீர் ஆற்றை எதிர்த்து ஏரிக்குள் வந்துவிடுகிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி 15,000 வரை விரிகிறது. மீகாங் வடிந்ததும் ஆறு மறுபடி பழைய திசைக்கு. ஒரு ஷட்டர் இல்லை, ஒரு மதகு இல்லை, முறை வைக்க ஓர் ஆள் இல்லை. வருடம் தவறாமல் நடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ராத்திரி 2 மணிக்கு வாங்கிய திட்டெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் படகைத் திருப்பிவிட்டார்கள். பட்டுக்கடைக்கு நேரமாகிவிட்டதாம்.

ஐந்தாம் நாள் 'ஓய்வு நாள்' என்று அட்டவணையில் போட்டிருந்தது. மற்றவர்கள் ஊரில் சந்தைக்கும் மசாஜுக்கும் போனார்கள். நாங்கள் ஹோட்டல் வாசலில் ஒரு டுக் டுக் பிடித்தோம். நம்ம ஆட்டோ இல்லை அது, மோட்டார் சைக்கிள் பின்னால் வண்டி கட்டியது. நாள் முழுக்க 30 டாலர். சீட்டு மறுபடி எடுக்க வேண்டியிருந்தது, ஆளுக்கு இன்னொரு 37. ஆக 74. முதலிலேயே 3 நாள் சீட்டு எடுத்திருந்தால் 62. இந்தக் கணக்கைத்தான் டிராவல்ஸ் ஆபீஸில் தாளில் எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். இன்னொன்று: அங்கே டாலர் நோட்டு ஓரம் கிழிந்திருந்தால் வாங்க மாட்டார்கள். திருச்சியில் மாற்றிய ஒரு 20 டாலர் நோட்டு அப்படியே வீடு வந்து சேர்ந்தது.

முதலில் பந்தேய் ஸ்ரீ. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். இருபுறமும் நெல்வயல், வரப்பில் பனை. நம்ம பனையேதான், அந்நாட்டின் தேசிய மரமும் அதுதான். வழியில் ஒரு கிராமத்தில் கொப்பரையில் பதநீர் காய்ச்சி, வில்லை வில்லையாக ஊற்றி, ஓலையில் சுற்றி விற்கிறார்கள். வீட்டம்மா ஒன்றை வாயில் போட்டு, "கருப்பட்டி மாதிரி கரிப்பு இல்ல, சுண்ணாம்பு கம்மி போலருக்கு" என்று தீர்ப்புச் சொல்லி நாலு சுற்று வாங்கினாள்.

பந்தேய் ஸ்ரீ சின்னக் கோயில். 967இல் எழுந்தது, அரசன் கட்டியதல்ல, யக்ஞவராகன் என்கிற அரசவைப் பெரியவர் கட்டியது. சிவப்பு மணற்கல்லில் மரவேலை போலக் குடைந்திருக்கிறார்கள். கைலாயத்தை இராவணன் அசைக்கிறான், மலைமேல் மிருகங்கள் மிரளுகின்றன. நான் அதில் நின்றுவிட்டேன். வீட்டம்மா வேறொரு முகப்பின் கீழே கழுத்தை அண்ணாந்தபடி அசையாமல் நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க. இது யாரு தெரியுதா?"

மேலே பத்துக் கையோடு சிவன் ஆடுகிறார். காலடியில் ஓரமாக ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். எலும்பும் தோலும், வற்றித் தொங்கும் மார்பு. பக்கத்தில் வேறு குழுவோடு நின்ற கைடு ஏதோ வேலைக்காரி என்பது போலக் கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

"நம்ம அம்மையாருங்க."

அம்மையாரேதான். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவன் காலடியில் இருப்பவளும் இவள்தான், ஆராய்ச்சிக்காரர்களும் இது காரைக்கால் அம்மையார் என்றே சொல்கிறார்கள். காரைக்காலில் அம்மையாருக்கு எடுக்கும் ஆனி மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறியும் மாம்பழத்தை முந்தானையில் பிடித்து வளர்ந்தவள் என் மனைவி. கைப்பையைத் துழாவினாள். மாம்பழம் இல்லை. ஓலையில் சுற்றிய பனைவெல்லம் ஒன்றை எடுத்துக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்து, கும்பிட்டு, காவலாளி முறைத்ததும் எடுத்துக்கொண்டாள். எங்களுக்குத் திரும்பப் புறப்பட மனமே இல்லை.

மத்தியானம் அங்கோர்வாட்டுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போனோம். டுக் டுக்காரர் சொன்ன யோசனை அது. கூட்டமே இல்லை, மரநிழலில் மண்பாதை, நேரே கிழக்குச் சுற்று. 92 அசுரர், 88 தேவர், வாசுகியைப் பிடித்து இழுக்கிறார்கள். எல்லோரும் மேலேயே பார்க்கிறார்கள். கீழே பாருங்கள். கடலில் ஓரத்து மீன்களும் முதலைகளும் முழுசாக நீந்துகின்றன, மத்துக்குப் பக்கத்தில் வர வர துண்டு துண்டாகிக் கிடக்கின்றன. ஷட்டரைத் திடீரென்று தூக்கினால் அடிச்சுழலில் மாட்டும் கெண்டைகளை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். செதுக்கியவன் தண்ணீரைப் பார்த்தவன்.

சாயங்காலம் மேற்கு பாராய். இது எந்தப் பேக்கேஜிலும் கிடையாது. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் ஏரி. தோண்டியதல்ல, சமதரையில் நாலு பக்கமும் மண்கரை எழுப்பித் தண்ணீரைத் தேக்கியது. முதலாம் சூரியவர்மன் காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். அவனைத்தான் எங்களுக்குத் தெரியுமே! தஞ்சாவூர் கரந்தைச் செப்பேட்டில் ராஜேந்திர சோழனுக்கு நட்பு வேண்டித் தேர் அனுப்பிய காம்போஜ அரசன் இவன்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இவன் இங்கே பாராய் கட்ட, அவன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் வெட்டினான். அந்தச் சோழகங்கம்தான் இப்போதைய பொன்னேரி, அது எவ்வளவு தூர்ந்துபோயிற்று! மேற்கு பாராய் இன்னும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

கரையில் ஓலைக் குடிசைகள், அதில் தூளி கட்டி உள்ளூர்க் குடும்பங்கள் சாய்ந்து கிடக்கின்றன, பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கிறார்கள். எங்களைத் தவிர வெளியூர்க்காரர் ஒருவரும் கண்ணில் படவில்லை. நான் கரைச்சரிவில் இறங்கி மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். வீட்டம்மா தூளியில் படுத்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டு, சம்பாவில் தண்ணீர் நிற்கிறதா வடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நம்மூரில் அப்போது விடாமல் மழை.

நோம்பென் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பள்ளிக்கூடமாக இருந்து 1975க்குப் பிறகு போல் பாட் ஆட்சியில் சித்திரவதைச் சிறையாக மாற்றப்பட்ட துவோல் ஸ்லெங் அருங்காட்சியகத்துக்கு 40 நிமிடம் கொடுத்தார்கள். அதை அவசரமாகப் பார்ப்பது சரியில்லை என்று நாங்கள் இருவரும் முற்றத்து மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

5க்கு 3 கொடுக்கிறேன். அந்த மூன்றும் தம்பிக்கும் பஸ்ஸுக்கும் படுக்கைக்கும். போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் எத்தனை நாள் சீட்டு, எத்தனை கடை என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வாரம் டிராவல்ஸிலிருந்து போன் வந்தது. மாசியில் வியட்நாம் போகிறார்களாம், பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி உண்டாம். நான் போனை வீட்டம்மாவிடம் கொடுத்தேன். தள்ளுபடி எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"ஓய்வு நாள் எத்தன வச்சிருக்கீங்க, தம்பி?"