டென்வரா, மயாமியா, சின்சினாட்டியா? ஏஎஃப்சி-ல மிச்சம் இருக்குற அந்த ஒரே ஒரு இடம்

அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்-ல 2024 சீசன் கடைசி வாரத்துக்கு வந்தாச்சு (இதை எழுதினது 2025 ஜனவரி ஆரம்பத்துல, கடைசி வார மேட்ச்களுக்கு முன்னாடி). லீக்கோட ரெண்டு பிரிவுல (கான்ஃபரன்ஸ்) ஒண்ணான ஏஎஃப்சி-ல 7 பிளேஆஃப் (நாக்அவுட்) இடத்துல 6 முடிஞ்சு போச்சு, சீஃப்ஸ் 15-1-னு (15 வெற்றி, 1 தோல்வி) மேல உக்காந்துட்டாங்க, பில்ஸ் ரெண்டாவது சீடை (தரவரிசை இடம்) கன்ஃபர்ம் பண்ணியாச்சு, ரேவன்ஸ், ஸ்டீலர்ஸ், சார்ஜர்ஸ், டெக்சன்ஸ் எல்லாரும் உள்ள. மிச்சம் இருக்குறது 7-வது சீடு மட்டும் தான், அதுக்கு டென்வர் பிரான்கோஸ் (9-7), மயாமி டால்ஃபின்ஸ் (8-8), சின்சினாட்டி பெங்கால்ஸ் (8-8) மூணு பேரும் அடிச்சுக்குறாங்க. போன வாரம் வரைக்கும் கோல்ட்ஸும் ரேஸ்ல இருந்தாங்க, 2-13-னு இருந்த ஜயன்ட்ஸ் கிட்ட போய் 45 பாயின்ட் வாங்கிட்டு கிளம்பிட்டாங்க, அவங்களைப் பத்தி பேச ஒண்ணும் இல்ல.

முதல்ல கணக்கு. டென்வருக்கு ஞாயித்துக்கிழமை சீஃப்ஸ் கூட சொந்த ஊர்ல மேட்ச், ஜெயிச்சாலோ டை ஆனாலோ உள்ள. மயாமி ஜெட்ஸை ஜெயிக்கணும், கூடவே டென்வர் தோக்கணும். பெங்கால்ஸ் சனிக்கிழமை ராத்திரி பிட்ஸ்பர்க்ல ஸ்டீலர்ஸை ஜெயிக்கணும், அப்புறம் டென்வரும் தோக்கணும், மயாமியும் ஜெயிக்கக் கூடாது. மூணு பேரும் சேர்ந்து தோத்தா? அப்பவும் டென்வர் தான் உள்ள, 9-8 ஆச்சே.

"பெங்கால்ஸ் தான் போன வாரம் டென்வரை நேருக்கு நேர் ஜெயிச்சாங்களே, அப்புறம் ஏன் மயாமிக்கு பின்னாடி நிக்கணும்?"னு நிறைய பேர் கேக்குறாங்க. நம்ம ஐபிஎல் மாதிரி நெட் ரன் ரேட்டை வச்சு இங்க பிரிக்க மாட்டாங்க. மூணு டீமும் 9-8-ல நின்னா, ஒரு டீம் மத்த ரெண்டையும் ஜெயிச்சிருந்தா தான் நேருக்கு நேர் கணக்கு எடுபடும், பெங்கால்ஸும் மயாமியும் இந்த வருஷம் மோதவே இல்ல. அதனால அடுத்தது கான்ஃபரன்ஸ் ரெக்கார்டு, அதாவது ஏஎஃப்சி டீம்களோட மட்டும் எப்படி ஆடினாங்கன்னு பாப்பாங்க. அதுல மயாமி 7-5 ஆகும், பெங்கால்ஸ் 6-6, தோத்த டென்வர் 5-7. பெங்கால்ஸ் ஃபேன்ஸுக்கு இது எரிச்சலா தான் இருக்கும், ஆனா செப்டம்பர் மாசம் பேட்ரியட்ஸ் கிட்ட சொந்த ஊர்ல 16-10-னு தோத்தாங்களே, அந்த ஒரு மேட்ச் இன்னைக்கு வந்து கழுத்தைப் பிடிக்குது.

மூணு டீமையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு முதல்ல கண்ல படுறது இது தான். டென்வர் ஜெயிச்ச 9-ல, இப்போ பாதிக்கு மேல ஜெயிச்சிருக்குற டீம் எதுன்னு தேடினா பக்கனீர்ஸ் மட்டும் தான். மயாமி ஜெயிச்ச 8-ல ராம்ஸ் மட்டும். பெங்கால்ஸ் ஜெயிச்ச 8-ல டென்வர் மட்டும். ஆளுக்கு ஒண்ணு! மத்தபடி பேந்தர்ஸ், ரெய்டர்ஸ், பிரவுன்ஸ், ஜெட்ஸ், பேட்ரியட்ஸ்னு இளிச்சவாய் டீமா பாத்து அடிச்சு வந்தவங்க தான் மூணு பேரும். அதனால "நாங்க தான் தகுதி"னு யாரும் நெஞ்சை நிமித்த முடியாது. ஜெயிச்சதை வச்சு பிரிக்க முடியலைன்னா எப்படி தோத்தாங்கன்னு பாக்க வேண்டியது தான்.

சின்சினாட்டி தோத்த கதையைக் கேட்டா சிரிக்கிறதா அழறதான்னு தெரியாது. 33, 38, 34, 38. இது அவங்க தோத்த நாலு மேட்ச்ல அவங்களே அடிச்ச ஸ்கோர். அவங்க குவார்ட்டர்பேக் (பாஸ் போட்டு ஆட்டத்தை நடத்துறவர்) ஜோ பர்ரோ இது வரைக்கும் 4,600 யார்டுக்கு மேல, 42 டச்டவுன் (6 பாயின்ட் ஸ்கோர்) பாஸ், தொடர்ந்து 8 மேட்ச்ல 250 யார்டும் 3 டச்டவுனும் குறையாம போட்டுட்டு இருக்காரு, லீக்ல வேற யாரும் இதைப் பண்ணது கிடையாது, அப்படி ஒரு குவார்ட்டர்பேக்கை வச்சுக்கிட்டு டிசம்பர் ஆரம்பத்துல 4-8-ல நின்னாங்க. அக்டோபர்ல ரேவன்ஸ் மேட்ச் ஞாபகம் இருக்கா? பர்ரோ 5 டச்டவுன், நாலாவது குவார்ட்டர்ல 10 பாயின்ட் லீடு, அதைக் கோட்டை விட்டு ஓவர்டைம் போச்சு. ஓவர்டைம்ல ரேவன்ஸ் குவார்ட்டர்பேக் லாமார் ஜாக்சன் ஸ்னாப்பை (ஆட்டம் தொடங்க பின்னாடி தர்ற பந்தை) நழுவ விட்டு பந்தை இவங்க கையிலயே கொடுத்துட்டாரு. அங்கேருந்து ஒரு பாஸ் போட்டா போதும், கிட்டப் போய் அடிக்கலாம். இவங்க என்ன பண்ணாங்க, மூணு தடவை சும்மா ஓட விட்டு, 53 யார்டுல ஃபீல்டு கோல் (கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 3 பாயின்ட்) அடிக்கப் போனாங்க. பந்தைப் பிடிச்சு நிறுத்துறவர் சரியா நிறுத்தல, மெக்ஃபர்சன் உதைச்சது வெளிய போச்சு. அடுத்த பிளேலயே ரேவன்ஸோட டெரிக் ஹென்றி 51 யார்டு ஓடினாரு, கதை முடிஞ்சுது. நவம்பர்ல மறுபடியும் அதே ரேவன்ஸ், பெங்கால்ஸோட ஜமார் சேஸ் 264 யார்டு, 3 டச்டவுன், கடைசி நிமிஷத்துல டச்டவுனுக்கு அப்புறம் ஒரு பாயின்ட் கிக்கை விட்டு ரெண்டு பாயின்ட்டுக்குப் போய் 35-34-னு தோல்வி. டிஃபென்ஸ் ஒரே ஒரு ஸ்டாப் போட்டிருந்தா போதும்ங்கிற மேட்ச் இந்த சீசன்ல அவங்களுக்கு அஞ்சாவது இருக்கும்.

இப்போ நாலு மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சிருக்காங்க. போன சனிக்கிழமை டென்வர் கூட 30-24, பர்ரோ 412 யார்டு, டீ ஹிகின்ஸ் 3 டச்டவுன், கடைசிது ஓவர்டைம்ல. ஆனா அந்த மேட்ச்லயும் பாத்தீங்கன்னா, 8 செகண்டு இருக்கும்போது நாலாவது டவுன்ல (கடைசி முயற்சியில) டென்வர் குவார்ட்டர்பேக் போ நிக்ஸ் தூக்கிப் போட்டதை மார்வின் மிம்ஸ் பிடிச்சு சமன் பண்ணிட்டாரு, ஓவர்டைம்ல சின்சினாட்டியோட ஃபீல்டு கோல் கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. ஜெயிச்ச மேட்ச்லயே ஃபேன்ஸ் வயித்துல புளியைக் கரைக்கிற டீம் இது. டிஃபென்ஸ்ல டிரே ஹெண்ட்ரிக்சன் ஒருத்தர் தான் ஓடி ஓடி சாக் (எதிர் குவார்ட்டர்பேக்கை விழத்தட்டுறது) பண்ணிட்டு இருக்காரு, பின்னாடி கதவு திறந்தே கெடக்கு.

டென்வர் அப்படியே நேர் எதிர். அங்க டிஃபென்ஸ் தான் சோறு போடுது. பேட்ரிக் சர்டெய்ன் நிக்கிற பக்கம் யாரும் பந்தையே போட மாட்டேங்குறாங்க, நிக் பொனிட்டோ ஒரு மேட்ச்ல பிரவுன்ஸ் பாஸைப் பிடிச்சு 71 யார்டு ஓடி டச்டவுன் போட்டாரு, அடுத்த மேட்ச்லயே கோல்ட்ஸ் ஏதோ சித்து வேலை பண்ணப் போக அந்தப் பந்தையும் தட்டிப் பறிச்சுட்டு ஓடினாரு. போ நிக்ஸ் ரூக்கி (முதல் சீசன் ஆடுறவர்), முதல் மூணு மேட்ச்ல ஒரு டச்டவுன் பாஸ் கூட இல்ல, இப்போ 25. கோச் ஷான் பேட்டன் அந்தப் பையனை பொறுமையா வளர்த்திருக்காருன்னு ஒத்துக்கணும்.

ஆனா டென்வரும் கையில வந்ததை விட்டவங்க தான். நவம்பர்ல ஆரோஹெட்ல (சீஃப்ஸ் கிரவுண்டு) சீஃப்ஸை முடிச்சிருக்க வேண்டியது, கடைசி செகண்டுல 35 யார்டு ஃபீல்டு கோலை சீஃப்ஸோட லியோ செனால் கையை நீட்டி பிளாக் பண்ணிட்டாரு, 16-14. அதை விட வேடிக்கை டிசம்பர் 19 சார்ஜர்ஸ் மேட்ச். முதல் பாதி முடிய 8 செகண்டு, டென்வர் 21-10 லீடு, பன்ட் (பந்தை எதிர் டீமுக்கு உதைச்சுக் கொடுக்குறது) அடிக்கிறாங்க. சார்ஜர்ஸ் ஆள் ஃபேர் கேட்ச்னு (தொடாம பிடிக்க விடுங்கன்னு) கையைத் தூக்கிக் காட்டியும் டென்வர் பிளேயர் அவர் மேல போய் விழுந்துட்டாரு, 15 யார்டு பெனால்ட்டி. டைம் முடிஞ்சுது, எல்லாரும் உள்ள போகலாம்னு பாத்தா சார்ஜர்ஸ் கோச் ஜிம் ஹார்பா ரூல் புக்ல மூலையில கெடந்த ஒரு ரூலைத் தூசி தட்டி எடுத்தாரு. ஃபேர் கேட்ச்சுக்கு அப்புறம் எதிர்ல யாரும் பாயாம சும்மா ஒரு ஃபீல்டு கோல் உதைக்கலாம். கேமரன் டிக்கர் 57 யார்டுல இருந்து உதைச்சு உள்ள அனுப்புனாரு. லீக்ல இது கடைசியா நடந்தது 1976-ல, அப்பவும் சார்ஜர்ஸ் தான்! அதுக்கு அப்புறம் ரெண்டாவது பாதில டென்வர் மொத்தமா 6 பாயின்ட் தான் எடுத்தாங்க, 34-27 தோல்வி. அன்னைக்கே முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம், அடுத்த வாரம் சின்சினாட்டிலயும் முடியல, இப்போ கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டு வந்திருக்காங்க.

மயாமி பத்தி சீக்கிரமா சொல்லிடுறேன், ஏன்னா சொல்ல ஒரு விஷயம் தான் இருக்கு, அவங்க குவார்ட்டர்பேக் டுவா. செப்டம்பர்ல பில்ஸ் கூட தலையில அடிபட்டு நாலு மேட்ச் உக்காந்தாரு, அதுல ஒண்ணு தான் ஜெயிச்சாங்க. அவர் திரும்பி வந்த பிறகும் கார்டினல்ஸ் கிட்ட ஒரு பாயின்ட்ல, பில்ஸ் கிட்ட அவங்க கிக்கர் டைலர் பாஸோட 61 யார்டு கிக்ல தோல்வி, 2-6. அங்கேருந்து 8-8-க்கு வந்தது உண்மையிலயே பெரிய விஷயம். ஆனா இப்போ இடுப்புல அடி, போன வாரமே பேக்கப் டைலர் ஹன்ட்லி தான் ஆடினாரு, இந்த வாரமும் அப்படித் தான் போல. பிரவுன்ஸ் கூட 20-3 ஓகே, பிரவுன்ஸை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஜெட்ஸ் 4-12 தான், ஆனா ஆரன் ராட்ஜர்ஸுக்கு கேரியர்ல 500-வது டச்டவுன் பாஸ் இன்னும் ஒண்ணு தான் பாக்கி, அதை சொந்த கிரவுண்டுல போடணும்னு தான் பாப்பாரு. நியூ ஜெர்சி ஜனவரி குளிர் வேற. 2000 டிசம்பர்ல ஜெயிச்சது தான் மயாமியோட கடைசி பிளேஆஃப் வெற்றி, இந்த வருஷம் அது மாறும்னு எனக்குத் தோணல.

சரி, இப்போ எல்லாரும் சண்டை போடுற மேட்டருக்கு வருவோம். சீஃப்ஸுக்கு முதல் சீடு கிறிஸ்துமஸ் அன்னைக்கே முடிஞ்சாச்சு, அதனால அவங்க குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு ரெஸ்ட், பேக்கப் கார்சன் வென்ட்ஸ் ஆடுறாரு. "2022 ஜனவரில 21-3 பின்னாடி இருந்து வந்து ஆரோஹெட்ல வச்சே பர்ரோ ஜெயிச்சாரே, அந்த பயம், அதான் டென்வரை உள்ள விடுறாங்க"ங்கிறது ஒரு தியரி. கேக்க நல்லா இருக்கு. ஆனா 11 நாள்ல 3 மேட்ச் ஆடின டீம், மஹோம்ஸுக்கு கணுக்கால்ல அடி வேற பட்டுச்சு, ஒண்ணுத்துக்கும் உதவாத மேட்ச்ல அவரை எந்த கோச் இறக்குவாரு? சீஃப்ஸ் கோச் ஆண்டி ரீட் எப்பவும் பண்றது தான். 15 மேட்ச் ஜெயிச்சவனுக்கு லீவு எடுக்க உரிமை இருக்கு, 8 மேட்ச் தோத்தவங்க அடுத்தவன் உதவியை எதிர்பாத்து நிக்கிறது அவங்க தலையெழுத்து.

எனக்கு இதை விட சுவாரஸ்யமா படுறது, டென்வர்ல இருந்து இப்போ ஸ்டீலர்ஸ் குவார்ட்டர்பேக்கா ஆடுற ரஸ்ஸல் வில்சன். டென்வர் அவரை அனுப்பி விட்டாலும் இந்த வருஷ சம்பளம் கேரன்ட்டி, ஸ்டீலர்ஸ் கொடுக்குறது மினிமம் தொகை சுமார் 12 லட்சம் டாலர், மிச்சம் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல டென்வர் பாக்கெட்ல இருந்து போகுது. அந்த மனுஷன் சனிக்கிழமை பெங்கால்ஸை ஜெயிச்சா டென்வருக்கு ஒரு போட்டியாளர் காலி. டிசம்பர் 1-ஆம் தேதி இதே பெங்கால்ஸ் மேல 414 யார்டு போட்டவர் வேற, 44-38. காசுக்கு ஏத்த வேலையை கடைசில ஒரு நாள் செஞ்ச மாதிரி இருக்கும்.

ஸ்டீலர்ஸ் சும்மா வருவாங்களாங்கிறது தான் அடுத்த கேள்வி. தொடர்ந்து மூணு மேட்ச் தோத்திருக்காங்க. அதே சனிக்கிழமை சாயந்திரம் ரேவன்ஸ் பிரவுன்ஸை ஜெயிச்சுட்டா டிவிஷன் (நாலு டீம் குரூப்) முதலிடம் போச்சு. ஆனாலும் ஜெயிச்சா 5-வது சீடு, முதல் ரவுண்டுல டெக்சன்ஸ் கிட்டப் போகலாம், தோத்து சார்ஜர்ஸ் ஜெயிச்சா ரேவன்ஸ் ஊரான பால்டிமோர் போகணும். ஹென்றியையும் லாமாரையும் பாக்குறதுக்கு டெக்சன்ஸ் ஊரான ஹூஸ்டன் எவ்வளவோ மேல், அதனால ஸ்டீலர்ஸ் கோச் டாம்லின் ஆளுங்களை உக்கார வைக்க மாட்டாருன்னு தான் நினைக்கிறேன்.

என் கணக்குல டென்வருக்கு பத்துல எட்டு. பேக்கப் ஆட்களை வச்சு ஆடுற டீம் கூட, சொந்த ஊர்ல, அந்த டிஃபென்ஸை வச்சுக்கிட்டு தோத்தாங்கன்னா அவங்க வீட்லயே இருக்கலாம். மிச்சம் ரெண்டை மயாமியும் சின்சினாட்டியும் பங்கு போட்டுக்கட்டும்.

யார் உள்ள போவாங்கங்கிறதுக்கு இது பதில். யார் போனா மேட்ச் பாக்குற மாதிரி இருக்கும்னு கேட்டா என் பதில் வேற. 7-வது சீடு போய் நிக்கப் போறது பில்ஸ் ஊரான பஃபலோல, அவங்க குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் எதிர்ல. ரூக்கியை வச்சுக்கிட்டு அங்க டென்வர் ரெண்டு குவார்ட்டர் தாக்குப் பிடிக்கலாம். ஹன்ட்லியை வச்சுக்கிட்டு மயாமி, வேணாம் விடுங்க. ஆனா 2023 ஜனவரில கொட்டுற பனில அதே கிரவுண்டுல பில்ஸை 27-10-னு அடிச்சவர் பர்ரோ. டிஃபென்ஸே இல்லாத டீமா இருந்தாலும் 38 அடிக்கிற டீம் கூட நாக்அவுட் ஆட எவனுக்கும் பிடிக்காது. பில்ஸ் ஃபேன்ஸ் வெளிய சொல்ல மாட்டாங்க, ஆனா ஞாயித்துக்கிழமை அவங்க டென்வருக்கு தான் கை தட்டுவாங்க.