பிங் ஜியா, மிசுனோ ப்ரோவா: எந்த கோல்ஃப் அயர்ன் செட்?

அயர்ன் என்பது உலோகத் தலையுள்ள கோல்ஃப் மட்டை. இந்த இரண்டு செட்டும் நல்லவைதான். ஆனால் ஒரே ஆட்டக்காரருக்கானவை அல்ல.

செய்முறை: பிங்கின் ஜி வரிசை, துருப்பிடிக்காத எஃகை உருக்கி அச்சில் வார்த்தது. மிசுனோ ப்ரோவின் பிளேடுகள் (மெல்லிய தலை அயர்ன்கள்), ஜப்பானின் ஹிரோஷிமாவில் மென்மையான கார்பன் எஃகைக் காய்ச்சி அடித்தெடுத்தவை.

உழைப்பு: பிங் எளிதில் நசுங்காது. மிசுனோ பையில் ஒன்றோடொன்று உரசியே வடுப்படும்.

தவறிய அடி: பிங்கில் எடை விளிம்புகளில் இருப்பதால் பந்து நடுவில் படாவிட்டாலும் தூரம் அதிகம் குறையாது. மிசுனோ பிளேடில் விரல் நடுங்கும், பந்தும் முன்னாலேயே விழும். நடுவில் பட்டால் வரும் சுகமே தனி.

பொருத்தம்: பிங்கில் உயரத்தையும், மணிக்கட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்து, தண்டு தரையோடு சேரும் கோணத்தைக் குறிக்கும் நிறப்புள்ளி தருவார்கள், கறுப்புதான் இயல்பு நிலை. அதோடு நிற்காதீர்கள். மட்டைத் தலையின் அடியில் டேப் ஒட்டி, பலகைமேல் வைத்த பந்தை அடித்துப் பாருங்கள். தேய்மானம் ஹீல் பக்கம் (தண்டு சேரும் பக்கம்) விழுந்தால் அந்தக் கோணம் அளவுக்கு மேல் நிமிர்ந்திருக்கிறது. வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் ஓடும். மிசுனோவின் மெல்லிரும்பை ஓரிரு டிகிரி வளைப்பது பட்டறையில் சுலபம்.

ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் திறன் அதிகம்) 15-க்கு மேலா? பிங்கை எடுங்கள். ஒற்றை இலக்க ஹேண்டிகேப்பும் தினசரிப் பயிற்சியும் உள்ளவர் மிசுனோவுக்குப் போகலாம். விற்பனையாளர் 'உலக வீரர்கள் ஆடுவது' என்று ஆரம்பித்தால் காதில் வாங்காதீர்கள்.