நேராக ஓட மறந்த கார்: 11 வருஷ ஸ்டீயரிங் அனுபவம்

என்னிடம் இருக்கும் அதே மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். இன்ஜின், மைலேஜ், இடவசதி எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். எனக்குச் சொல்ல இருப்பது ஸ்டீயரிங் பற்றி மட்டும்.

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், அதாவது எண்ணெய் அழுத்தத்தின் உதவியோடு திரும்பும் வகை. முதல் ஆறு வருஷம் அதை ஓட்டுவது அவ்வளவு சந்தோஷம். ஈரமான வளைவில் வேகம் சற்றுக் கூடிப்போனால் ஸ்டீயரிங் கையில் லேசாகும். சாலைமேல் டயருக்கு இருக்கும் பிடி முழுக்கப் போவதற்கு முன்பே, டயரைத் திரும்ப நேராக்கும் விசை குறைய ஆரம்பித்துவிடும். அந்தக் குறைவை இந்த ஸ்டீயரிங் ஒளிக்காமல் கைக்குக் கொண்டுவந்துவிடும். அதை நம்பித்தான் மழையிலும் பயமில்லாமல் ஓட்டினேன்.

ஏழாவது வருஷம் தொல்லை தொடங்கியது. இடது வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் நடுவுக்கு வராது, ஒரு விரற்கடை முன்பே நின்றுவிடும். வண்டி இடப்பக்கமே நகரும். வலது வளைவுக்குப் பிறகு வலப்பக்கம். நேர்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது சில நொடிக்கொரு முறை சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஓட்டி இறங்கினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும்.

மூன்று இடங்களில் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்த்தேன். ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் கம்பியின் முனை மூட்டை (டை ராடு எண்ட்) மாற்றினார்கள். முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் போட்டார்கள். டயர்தான் காரணமென்றால் வண்டி எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும், மாற்றிப் போட்டதும் இழுப்பு மறுபக்கம் போகும். என் வண்டியோ கடைசியாகத் திருப்பிய பக்கம் எதுவோ அந்தப் பக்கம் போனது. இதை ஒவ்வொரு இடத்திலும் சொன்னேன். ஒருவர்கூட வண்டியை எடுத்து ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. ஆனால் அவர்கள் கொடுத்த அளவுகளில் பொய் இல்லை. அலைன்மெண்ட் மெஷின் கோணங்களை அளக்கும். உராய்வை அது அளக்காது.

போன மாதம்தான் ஒரு மெக்கானிக் கண்டுபிடித்தார். இன்ஜினை ஓடவிட்டு என்னை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லி, முன்பக்க ஸ்பிரிங் மேல் கையை வைத்துப் பார்த்தார். சுருள் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டே வந்து 'டக்'கென்று துள்ளியது. ஸ்பிரிங்கைத் தாங்கும் ஸ்ட்ரட் என்ற தூணின் தலையில், அது சக்கரத்தோடு சேர்ந்து சுழல உதவும் பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவருவது காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) டயரும் சேர்ந்து தரும் விசை. நடுவை நெருங்க நெருங்க அது மிகச் சிறியதாகிவிடும். இறுகிய பேரிங் அந்தக் கொஞ்சத்தையும் தின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் பேரிங் மாற்றினார். கூடவே லோயர் ஆர்ம் புஷ்களும், அதாவது சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் இரும்புக் கையின் மூட்டு ரப்பர்களும். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும் முன் வண்டியைக் கீழே இறக்கிச் சக்கரங்களில் நிற்க வைத்தார். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். முன்பு மாற்றிய புஷ்களை லிஃப்டில் தூக்கிய நிலையிலேயே இறுக்கியிருந்தார்கள். அவை ஒரு வருஷத்தில் கிழிந்தன.

மறுநாள் விடியற்காலையில் காலியான நேர்சாலையில் 100-இல் ஓட்டினேன். ஸ்டீயரிங்கைச் சும்மா பிடித்திருந்தாலே போதும், கோடு போட்ட மாதிரி ஓடியது. எதிரே வந்த லாரியின் காற்று ஒரு தள்ளு தள்ளியது. நான் திருத்துவதற்குள் வண்டி தானாகவே நேராகிவிட்டது. நான்கு வருஷத்துக்கு அப்புறம் அந்தப் பழைய கார் திரும்பக் கிடைத்தது. இதைவிட நன்றாகப் பேசும் ஸ்டீயரிங்கை நான் பிடித்ததில்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அந்த பேரிங்குக்கு மேலே சரியான மூடி கிடையாது, தண்ணீர் நேராக இறங்கும். இப்போது விலைக்கு வரும் வண்டிகள் எல்லாமே என் வண்டியில் தொல்லை தொடங்கிய வயதைத் தாண்டியவை. நான் பட்ட பாட்டை இன்னொருவர் படுவதில் எனக்கு விருப்பமில்லை.

சரி, பார்த்தே தீருவேன் என்றால் ஒன்று செய்யுங்கள். காலியான மைதானத்தில் மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பிப் பிடியைத் தளர்த்துங்கள். நடுவுக்கு வராமல் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.