ஐந்து வெள்ளிச் சீட்டில் எவ்வளவு சுவாரஸ்யம்?

2014 உலகக் கிண்ணத்தில், ஜூன் 24ஆம் தேதி, உருகுவேயின் லூயிஸ் சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியைத் தோளில் கடித்தார். அதற்கு முன்பும் இரண்டு பேரைக் கடித்தவர் என்பதால், அந்தப் போட்டித் தொடரில் அவர் யாரையாவது கடிப்பார் என்று 175க்கு 1 என்ற ஆட்ஸில், அதாவது ஒன்று போட்டால் 175 லாபம் என்ற விகிதத்தில், ஓர் ஐரோப்பியப் பந்தய நிறுவனம் முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டிருந்தது. வேடிக்கைக்காகச் சில்லறை போட்டவர்களுக்கு உண்மையிலேயே பணம் கிடைத்தது. பெரிய நிகழ்ச்சி வந்தால் பந்தயமே கட்டாதவருக்கும் கை அரிப்பது இந்த மாதிரிப் புதுமைப் பந்தயச் சீட்டுகளால்தான்.

சிங்கப்பூரின் அரசாங்கப் பந்தய நிறுவனமான சிங்கப்பூர் பூல்ஸ் முகப்பில் அப்படி ஒரு சீட்டு கிடைக்காது. காற்பந்து, கார்ப்பந்தயம், குதிரை, பிறகு எண் குலுக்கல்களான டோட்டோ, 4டி, மாதம் ஒருமுறை ஸ்வீப். அவ்வளவுதான் கடை. லண்டன் பந்தயக் கடைகளில் விற்கும் அரச குழந்தையின் பெயர், கிறிஸ்துமஸ் அன்று பனி விழுமா, அடுத்த பிரதமர் யார் போன்றவை இங்கே இல்லை. தேர்தல் முடிவுக்கும் சீட்டு இல்லை. 1968இல் பூல்ஸ் தொடங்கப்பட்டதே கள்ளச் சூதாட்டத்தை ஒடுக்கத்தான். புதுமை விற்பது அதன் வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை.

வெளிநாட்டு இணையத்தளத்தில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாத இடத்தில் பந்தயம் கட்டுபவருக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தேர்தல் முதல் திரைப்பட விருது வரை எதன்மீதும் பணம் வைக்கலாம் என்ற பாலிமார்க்கெட் தளமும் 2025 ஜனவரியில் இங்கே முடக்கப்பட்டது. "ஊகச் சந்தை" என்று பெயர் மாற்றிக்கொண்டால் தப்பிக்கலாம் என்ற கதை இங்கே எடுபடவில்லை.

ஆக, கையில் இருப்பது பூல்ஸின் காற்பந்துச் சீட்டு. அதற்குள்ளேயே புதுமைப் பந்தயத்தின் ருசி ஒளிந்திருக்கிறது: முதல் கோல் யார், கடைசி கோல் யார், சரியான ஸ்கோர், பாதி நேரமும் முழு நேரமும், கிண்ணம் யாருக்கு. இவற்றை வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று.

முதல் அணி வெற்றி, சமம், இரண்டாம் அணி வெற்றி என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லும் 1-எக்ஸ்-2 பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு ஆட்டத்தின் ஆட்ஸ் (இங்கே, ஒரு வெள்ளிக்கு முதலும் சேர்த்துத் திரும்பும் தொகை) 2.10, 3.10, 3.10 என்று வைப்போம். 100ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டுங்கள்: 47.6, 32.3, 32.3, கூட்டினால் 112.2. நூறுக்கு மேலே நிற்கும் அந்த 12.2இல்தான் கடைக்காரரின் லாபம் இருக்கிறது. 100ஐ 112.2ஆல் வகுத்தால் 0.89. அதாவது மூன்று முடிவுகளிலும் விகிதப்படி பரவும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் சுமார் 89 வெள்ளிதான் திரும்பி வரும். கைத்தொலைபேசியில் அரை நிமிட வேலை. எந்தப் பந்தயத்துக்கும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். அமெரிக்கக் காற்பந்தின் சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் நாணயம் சுண்டினால் பூவா தலையா என்று பந்தயம் உண்டு. உலகிலேயே பைத்தியக்காரப் பந்தயம் இதுதான் என்று தோன்றும். இரு பக்கமும் 1.95 ஆட்ஸ் என்றால் கூட்டுத்தொகை 102.6. கடைக்காரருக்குப் போவது நூற்றுக்கு இரண்டரை. பூவுக்கும் தலைக்கும் பாதிப் பாதி வாய்ப்பு என்று பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதனால் அங்கே ஏமாற்ற முடியாது. முதல் கோல் அடிப்பவர் யார் என்பதற்கு இருபது முப்பது பெயர். எவருடைய உண்மையான வாய்ப்பும் வாங்குபவருக்குத் தெரியாது. அந்தப் பட்டியல் முழுவதற்கும் இதே கணக்கைப் போட்டு, அந்த ஆட்டத்தின் 1-எக்ஸ்-2 தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்குபவரால் கணக்குப் பார்க்க முடியாத சரக்கில்தான் கடைக்காரர் தாராளமாக லாபம் வைப்பார். கிண்ணம் யாருக்கு என்பதும் அப்படித்தான். 2026 உலகக் கிண்ணத்தில் 48 அணிகள், ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை 39 நாள். தொடக்கத்திலேயே வாங்கினால் உங்கள் பணம் அத்தனை நாளும் அங்கேயே படுத்திருக்கும்.

கடைக்காரர் தோற்ற கதைகளும் உண்டு. 1964இல் ஓர் ஆங்கிலேயர் 1971 பிறப்பதற்குள் மனிதன் நிலவில் நடப்பான் என்று பத்துப் பவுண்டு வைத்தார். ஆட்ஸ் 1000க்கு 1. 1969இல் 10,000 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். 1986 சூப்பர் பௌலில் 'ஃபிரிட்ஜ்' என்று பட்டப்பெயர் பெற்ற பருத்த தடுப்பாட்டக்காரர் வில்லியம் பெர்ரி டச்டவுன் (அமெரிக்கக் காற்பந்தில் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) அடிப்பார் என்று ரசிகர்கள் விளையாட்டாகப் பணத்தைக் கொட்ட, அவரும் அடித்துத் தொலைக்க, லாஸ் வேகஸ் கடைகளுக்கு அடி. ஆனாலும் அவர்கள் அந்த வியாபாரத்தை விடவில்லை, இன்னும் பெருக்கினார்கள். ஒரு நாள் நஷ்டம் அவர்களுக்கு விளம்பரச் செலவு.

இனி, முகப்பில் அதிகச் சண்டை வரும் இடம். பூல்ஸில் 1-எக்ஸ்-2 என்பது 90 நிமிடமும் காயநேரமும் மட்டும். கூடுதல் நேரமும் பெனால்டியும் கணக்கில் இல்லை. 2022 டிசம்பர் 18 இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். அர்ஜென்டினா கிண்ணத்தைத் தூக்கியது, மெஸ்ஸி அழுதார், உலகமே பார்த்தது. ஆனால் 90 நிமிட முடிவில் 2-2. அர்ஜென்டினா வெல்லும் என்று 1-எக்ஸ்-2இல் வாங்கியவர் தோற்றார்; சமம் என்று வாங்கியவருக்குப் பணம். கிண்ணம் யாருக்கு என்பதில் அர்ஜென்டினாவை வாங்கியவருக்கு மட்டும் கொண்டாட்டம். பாதி நேரம்-முழு நேரம் பந்தயத்தில் சரியான விடை அர்ஜென்டினா-சமம். மொத்த கோல் நான்கு, ஆறு அல்ல. 90 நிமிடக் கணக்கில் கடைசி கோல் 81ஆவது நிமிடத்தில் எம்பாப்பே அடித்தது. 108இல் மெஸ்ஸி அடித்ததும் 118இல் எம்பாப்பே அடித்ததும் அந்தச் சீட்டுக்கு நடக்காத கோல்கள். வெளியேற்றுச் சுற்று தொடங்கியதும் சீட்டின்மேல் என்ன பந்தய வகை அச்சாகியிருக்கிறது என்று முகப்பைவிட்டு நகர்வதற்கு முன் படியுங்கள். காற்பந்தில் ஆட்ஸும் அந்தச் சீட்டில் அச்சான கணத்திலேயே நிலைத்துவிடும். பிறகு ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு இல்லை.

ஓர் அணியின் கோல் கணக்கில் அரை, ஒன்றரை என்று கூட்டியோ குறைத்தோ பார்க்கும் அரை கோல் பந்தயத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. பலமான அணிக்கு -1.5 போட்டிருந்தால் அது குறைந்தது இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 1-0 என்று வென்றால் சீட்டு குப்பை. முதல் கோல் பந்தயத்தில் சொந்த வலைக்குள் அடித்ததைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த கோலைப் பார்ப்பதே பந்தயக் கடைகளின் பொதுவான வழக்கம்.

குதிரைக்கு விதி வேறு. அது கூட்டுப்பந்தயம்; எல்லோரும் போட்ட பணத்திலிருந்து பங்கு பிரிப்பது. ஓட்டம் தொடங்கும்வரை ஆட்ஸ் ஆடிக்கொண்டே இருக்கும். சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு குதிரைப் பந்தயம் முடிந்துவிட்டதால் இப்போது வெளிநாட்டு ஓட்டங்கள்தான்.

சிங்கப்பூரின் மரினா பே ஃபார்முலா 1 கார்ப்பந்தயம் புதுமைப் பந்தயக்காரர்களுக்கு ஒரு நல்ல பாடம். 2008இல் தொடங்கி 2023 வரை இங்கே நடந்த 14 பந்தயங்களிலும், விபத்து நடந்தால் மற்ற கார்களை மெதுவாக்க வரும் பாதுகாப்புக் கார் தடத்துக்கு வந்தது. சுவர்கள் நெருக்கம், தெருக்கள் குறுகல், இரவு வெக்கை. காரணம் சொல்லவும் எளிது. "சிங்கப்பூரில் பாதுகாப்புக் கார் வராமல் இருக்காது" என்பது பழமொழி மாதிரியே ஆகிவிட்டிருந்தது. வெளிநாட்டுக் கடைகள் அதற்கும் ஆட்ஸ் போட்டன. 2024இல் வரவில்லை. 14இல் 14 என்ற கணக்கைக் கடைக்காரரும் பார்த்துத்தான் ஆட்ஸை அடிமட்டத்தில் வைத்திருப்பார் என்பதை நிச்சயம் என்று நம்புபவர் மறந்துவிடுகிறார். வென்றால் சில்லறை, தோற்றால் முழுப்பணம்.

காற்பந்துச் சீட்டு கசந்தவர்கள் அதே முகப்பில் எண்ணுக்குப் போவார்கள். அது மேலா என்றால், இல்லை. நான்கு இலக்க எண்ணுக்குப் பணம் வைக்கும் 4டியில் ஒரு வெள்ளி 'பிக்' வாங்கினால் முதல் பரிசு 2,000, இரண்டாவது 1,000, மூன்றாவது 490, பத்து தொடக்க எண்களுக்குத் தலா 250, பத்து ஆறுதல் எண்களுக்குத் தலா 60. மொத்தம் 6,590. எண்களோ பத்தாயிரம். ஆக ஒரு வெள்ளிக்குத் திரும்புவது சராசரி 66 காசு. 'ஸ்மால்' 3,000, 2,000, 800. திரும்புவது 58 காசு. முதல் பரிசு பெரிதாகத் தெரிவதால் 'ஸ்மால்' பக்கம் சாய்கிறவர்கள் எட்டுக் காசை முகப்பிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். பரபரப்பான நிகழ்ச்சியில் பேசப்பட்ட காரின் எண்ணை மறுநாள் தேடிப் போனால் விற்றுத் தீர்ந்துவிட்டது என்பார்கள். பரிசு நிலையானது என்பதால் ஒவ்வொரு எண்ணுக்கும் உச்சவரம்பு உண்டு.

டோட்டோவில் விற்பனையில் 54 விழுக்காடுதான் பரிசுக்கு. சீனப் புத்தாண்டையொட்டி வரும் ஹோங்பாவ் குலுக்கலில் முதல் பிரிவு 1 கோடியே 20 லட்சம் வெள்ளி என்று பலகை வைத்ததும் வரிசை வாகன நிறுத்துமிடம்வரை போகும். 49இல் ஆறு எண் பொருந்த 1,39,83,816இல் ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்பைக் கூட்ட முடியாது. வென்றால் பங்குபோடும் ஆட்களைக் குறைக்கலாம்: பிறந்தநாள்களை வைத்து 31க்குள்ளேயே ஆறையும் எடுப்பவர்கள் ஏராளம், ஆனால் அப்படி அமையும் சேர்க்கைகள் 7,36,281 மட்டுமே, மொத்தத்தில் ஐந்தேகால் விழுக்காடு. அந்தச் சின்ன அறைக்குள் கூட்டம் நெரிகிறது. 31க்கு மேல் இரண்டு மூன்று எண் எடுப்பது புத்தி. தாளில் ஆறுக்குப் பதில் ஏழு எண்ணைக் குறித்துவிட்டால் அது 'சிஸ்டம் 7', ஏழு வெள்ளி. எட்டு எண் 28 வெள்ளி. பன்னிரண்டு 924 வெள்ளி. அவசரத்தில் பேனா வழுக்கி வரும் செலவு இது.

சேவை எப்படி? வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் சீட்டு சூடுபட்டால் கறுக்கும் தாள். கார் முகப்பில் வெயிலில் போடக்கூடாது. ராசி என்று சூட்டு இயந்திரத்தில் லேமினேட் செய்யவே கூடாது, மொத்தமும் கறுத்துவிடும். சீட்டு தொலைந்தால் பரிசும் தொலைந்தது. குலுக்கல் சீட்டுக்கு 180 நாள் கெடு. இணையக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை, பரிசு தானே வரவாகும். கடனில் விளையாட முடியாது; நாளொன்றுக்கு எவ்வளவு போடலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்ற வரம்பைக் கணக்கு திறக்கும்போதே வைத்தாக வேண்டும். முகப்பில் 18 வயது போதும், இணையத்துக்கு 21. வரிசையில் நிற்கும் இருபது நிமிடம் பலருடைய மூன்றாவது சீட்டைத் தடுத்திருக்கிறது. அந்த வேகத்தடை கைத்தொலைபேசியில் கிடையாது. வரம்பைத் தொடர் தொடங்கும் முன்பே குறைத்து வைப்பது நல்லது, தோற்ற இரவில் அல்ல. நிலைமை கைமீறினால் தேசியப் பிரச்சினைச் சூதாட்ட மன்றத்தின் உதவி எண் 1800-6668-668.

எங்கள் மதிப்பெண்: நேர்மைக்கு ஐந்தில் நான்கரை, வேடிக்கைக்கு இரண்டு. வேடிக்கைதான் வேண்டும் என்றால் அதற்கு மலிவான இடம் வீடு. குடும்பமும் நண்பர்களும் வீட்டில் நேரில் கூடி, யாரும் இடைத்தரகு எடுக்காமல் விளையாடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. இணையவழியில் அதே விளையாட்டுக்கு அந்த விலக்கு இல்லை, ஆகவே வாட்ஸ்அப் குழுவில் பந்தயம் நடத்தாதீர்கள்.

2026 தொடர் இதற்கென்றே அமைந்தது. ஃபிஃபா குலுக்கலில் பன்னிரண்டு பன்னிரண்டாக நான்கு தொகுதிகளில் 48 அணிகள். பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஐந்து வெள்ளி, நான்கு டப்பா. ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஆளுக்கு ஒரு சீட்டு. யாருக்கும் நான்கும் நோஞ்சான் அணி அமையாது. சேரும் 60 வெள்ளியில் கிண்ணம் வென்ற அணிக்காரருக்கு 35, இரண்டாம் அணிக்கு 15, முதற்சுற்றில் அதிகக் கோல் வாங்கிய அணிக்கு 10. அந்தப் பத்துதான் கடைசி அணி கிடைத்த சித்தப்பாவையும் விடியற்காலை ஆட்டத்துக்கு எழுப்பும். கடைக்காரர் பங்கு பூஜ்ஜியம்.

பணம் வாங்கும் முன் ஒரு தாளில் மூன்று விதியை எழுதுங்கள்: வெற்றி என்றால் பெனால்டி உட்பட கிண்ணத்தைத் தூக்குவது, அதிகக் கோல் வாங்கியதில் இரு அணி சமமானால் பத்தைப் பிரிப்பது, அணியைத் தொடர் தொடங்கிய பிறகு மாற்றிக்கொள்ள முடியாது. அதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிட்டால், ஜூலை 20 காலையில் மாமா "90 நிமிடம்தானே கணக்கு" என்று ஆரம்பிக்க மாட்டார்.