குதிரைக்கு ரண ஜன்னி ஊசி: டாக்சாய்டா, சீரமா?

குளம்பில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டால், "டி.டி. (ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் ஊசி) போட்டாயிற்றா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்த ஊசி என்று கேட்பவர் குறைவு. அங்கேதான் தவறு நடக்கிறது.

ரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் குதிரை லத்தியிலும் கிடக்கின்றன. லாயத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒழியாது. வீட்டு விலங்குகளில் இந்தக் கிருமியின் நஞ்சு மிக எளிதில் வீழ்த்துவது குதிரையைத்தான். நோய் வந்தால், உள்மூலையில் இருக்கும் மூன்றாம் இமை கண்ணின் மேல் ஏறிவிடும். காது விறைக்கும், வால் தூக்கிக்கொள்ளும், கால்களை அகட்டியபடி அசையாமல் நிற்கும். பசியோடு கொள்ளுத் தொட்டிக்கு மூக்கைக் கொண்டுபோகும், தாடை திறக்காது. ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

டாக்சாய்டு என்பது வீரியம் நீக்கிய நஞ்சு. 4 முதல் 6 வார இடைவெளியில் 2 ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. குதிரையின் உடலே எதிர்ப்பாற்றலை உண்டாக்கிக்கொள்ளும். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன்பு தாய்க்குப் போட்டால், சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்பு போய்ச்சேரும். ஆனால் முதல் ஊசி அன்றைய காயத்துக்கு உதவாது.

சீரம் உடனே வேலை செய்யும். வேறொரு குதிரையின் ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள் என்பதால், 2, 3 வாரங்களில் தீர்ந்துவிடும். அரிதான ஆபத்தும் உண்டு. ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்காகச் சீரம் ஏற்றிய குதிரைகள் சில, வாரங்கள் கழித்துக் கல்லீரல் கெட்டு மடிந்ததைக் கால்நடை மருத்துவர் அர்னால்டு தெய்லர் நூறாண்டுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் கண்டு எழுதினார். ரண ஜன்னிச் சீரம் போட்ட பின் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இறந்த ஒரு குதிரையின் கல்லீரலிலும், அந்தச் சீரத்திலும் பார்வோவைரஸ் என்ற வகையைச் சேர்ந்த புதிய வைரஸ் இருந்தது 2018இல் தெரியவந்தது.

என் கட்சி டாக்சாய்டுதான். முறையாகப் போட்ட குதிரைக்குக் காயம்பட்டு, கடைசி ஊசிக்கு 6 மாதம் தாண்டியிருந்தால், ஒரு டாக்சாய்டு ஊக்க ஊசி போதும், சீரம் வேண்டாம். ஒருபோதும் போடாத குதிரைக்குக் காயம்பட்டால் சீரத்தைத் தவிர்க்கக் கூடாது. சீரத்தையும் டாக்சாய்டையும் தனித்தனி சிரிஞ்சில், உடலின் வெவ்வேறு இடங்களில் மருத்துவர் போடுவார். 4 வாரம் கழித்துப் போட வேண்டிய இரண்டாம் டாக்சாய்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குள் சீரமும் தீர்ந்திருக்கும்.

ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போனால் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு ஊசிக் குறிப்பேட்டையும் கேளுங்கள். இல்லை என்றால், போடாத குதிரை என்றே கணக்கில் வைத்து, வீடு வந்ததும் முதல் ஊசியைத் தொடங்கிவிடுங்கள்.