பேட்மேன் ரிட்டர்ன்ஸ் 4கே டிஸ்க்: டிவி செட்டிங்கைச் சரிபார்த்துவிட்டுப் போடுங்கள்

டிம் பர்ட்டனின் இந்த 1992 படத்துக்குப் பெயரில்தான் பேட்மேன். கதை அவரை ஒளித்து வைத்தே நகர்கிறது. சர்க்கஸ் கும்பல் ஊரைக் கலக்கிய பிறகுதான் அவரைப் பார்க்கிறோம்: இருட்டறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், வௌவால் சிக்னலின் வெளிச்சம் ஜன்னல் வழியே முகத்தில் விழுகிறது, எழுகிறார். வசனமே இல்லை. அவர் யார், ஏன் இப்படி என்று விளக்கவும் மாட்டார்கள். அந்த இடத்தை அவரது எதிராளிகளான பென்குவினும் கேட்வுமனும் நிரப்பிக்கொள்கிறார்கள். பணக்கார வில்லனுக்கு மேக்ஸ் ஷ்ரெக் என்று பெயர். 1922-இன் மௌனப் பேய்ப்படமான 'நோஸ்ஃபெராட்டு'வில் ரத்தக்காட்டேரியாக நடித்தவரின் பெயரை லேசாக மாற்றி வைத்திருக்கிறார்கள். படம் எந்த மரபில் வருகிறது என்பதற்கு இதுவே போதும்.

2019-இல் வந்த 4கே டிஸ்க்கில் ஹெச்டிஆர்10 (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் பட வடிவம்), டால்பி அட்மாஸ் (சுற்றிலும் மேலிருந்தும் கேட்கும் ஒலி) இரண்டும் உண்டு. ஃபிலிம் கிரெய்ன், அதாவது ஃபிலிமுக்கே உரிய பொடிப்புள்ளிகள், அப்படியே இருக்கிறது. அதை டிவியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் வைத்துத் துடைத்துவிடாதீர்கள். கேட்வுமனாக மாறும் செலினாவின் வீட்டுச் சுவரின் இளஞ்சிவப்பு நியான் பலகையைக் கவனியுங்கள். இரண்டு எழுத்து உடைந்ததும் வரவேற்பு வாசகம் 'நரகம் இங்கே' என்றாகிவிடும். சுற்றிலும் இருட்டு சரியாக இருந்தால்தான் அந்த நிறம் கண்ணைக் குத்தும்.

கோளாறு பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, செட்டிங்கில்தான். கறுப்பு முதல் வெள்ளை வரையிலான அளவைப் பிளேயர் ஆர்ஜிபி ஃபுல்லில் (முழு அளவில்) அனுப்ப, டிவி லிமிடெட் (குறுகிய அளவு) என்று எடுத்துக்கொண்டால் நிழல் விவரம் எல்லாம் மொத்தமாகக் கறுத்துவிடும், பேட்மேனின் கேப் (மேலங்கி) எது சுவர் எது என்று தெரியாது. தலைகீழாக இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளிறும். இரண்டையும் ஒரே அமைப்பில் வையுங்கள். சில டிவிகளில் பிளேயரைச் செருகிய ஹெச்டிஎம்ஐ போர்ட்டுக்கு மட்டும் தனியாக 4கே ஹெச்டிஆர் சிக்னலை ஆன் செய்ய வேண்டும். பிக்சர் மோடு சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர், மோஷன் ஸ்மூத்திங் (அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்குவது) ஆஃப். சரிபார்க்க மேலே சொன்ன இருட்டறைக் காட்சியே போதும். எட்ஜ்-லிட் (ஓரத்தில் மட்டும் விளக்குள்ள) எல்இடி டிவியில் கறுப்பு வானத்துப் பனியைச் சுற்றி வெளிச்சம் கசியும். அதற்கு மருந்தில்லை, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் அந்தத் தொல்லை கிடையாது.

டால்பி டிஜிட்டல் ஒலியோடு தியேட்டருக்கு வந்த முதல் படம் இது. டேனி எல்ஃப்மனின் கோரஸுக்காகவாவது டிவி ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள், ஒரு சவுண்ட்பாரும் சப்வூஃபரும் இருந்தாலே மாற்றம் தெரியும்.

பென்குவினின் மேயர் தேர்தல் பகுதி இழுவை, அதை எந்த டிவியும் காப்பாற்றாது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு (குறிப்பிட்ட நாடுகளின் பிளேயரில் மட்டும் ஓடும் கட்டுப்பாடு) இல்லை. கூடவே வரும் ப்ளூரேவுக்கு இருக்கலாம். நம் ஊர் ரீஜன் சி, வாங்குமுன் உறையைப் பாருங்கள்.