பின்னிணைப்பிலிருந்து படிக்க வேண்டிய ஒரு கிரிக்கெட் மலர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே உள்ள ஒரு மாவட்டத்தின் இளையோர் பிரதிநிதித்துவ கிரிக்கெட் அணிகள் உருவான வரலாற்றைச் சொல்லும் நினைவு மலர் ஒன்று, பள்ளிப் பழைய மாணவர் கூட்டங்களில் 220 ரேண்ட் விலைக்கு விற்கப்படுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இம்மலரைத் தொகுத்தவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். எந்தச் சிறுவன் எந்தப் பள்ளியில் படித்தான் என்பதை அவர்கள் ஓரிடத்திலும் விட்டுவிடவில்லை. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதுதான் சில இடங்களில் விடுபட்டிருக்கிறது.

என் முதன்மையான குறை வரலாறு எங்கே தொடங்குகிறது என்பது பற்றியது. 1991 ஜூன் மாதம் வெள்ளையர் ஆதிக்கத்திலிருந்த வாரியமும் இனப்பாகுபாடற்ற வாரியமும் இணைந்து ஐக்கிய கிரிக்கெட் வாரியம் அமைந்ததையே தொடக்கமாக வைத்து, அதற்கு முந்தைய அரை நூற்றாண்டை "பின்னணி" என்ற தலைப்பில் பின்னிணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். மாவட்டத்துக்காகச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1991இல் பிறந்ததன்று. 1940இல் தொடங்கிய நஃபீல்டு வாரம் என்னும் பள்ளிகள் கிரிக்கெட் போட்டி வெள்ளையர் பள்ளி மாணவர்களுக்கானதாக இருந்த காலத்தில், நம் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கு வலைப்பயிற்சி அளித்து, அணியைத் தேர்ந்து, பேருந்துக் கட்டணத்தையும் திரட்டியவர்கள் பள்ளி ஆசிரியர்களே. 1929இல் இந்திய மாணவர்களுக்காக டர்பனில் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரியை ஒட்டிய கர்ரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடக் கிடைப்பதே அந்தச் சிறுவர்களுக்குப் பெரும் பேறாக இருந்தது.

இதற்கான சான்றுகள் எல்லாம் அந்தப் பின்னிணைப்பிலேயே கிடக்கின்றன. 1947இல் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது, 1951 முதல் இந்தியர், கலப்பினத்தார், ஆப்பிரிக்கர் என இனவாரியாக அணிகள் மோதியது, 1950களின் இறுதியில் அந்தப் பிரிவினையையே கைவிட வாரியம் முடிவெடுத்தது ஆகியவை சரியாகவே தரப்பட்டுள்ளன. ஆனால் இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் குடும்பங்கள் வீடுகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டபோது, அவர்கள் கட்டிவளர்த்த சங்கங்களும் மைதானங்களும் என்ன ஆயின என்பதற்கு ஒரே ஒரு பத்திதான். ஒரு மாவட்ட அணியின் வரலாற்றில் "மாவட்டம்" என்பதன் எல்லையே சட்டத்தால் மாற்றி வரையப்பட்டது என்ற செய்தி, முதல் அத்தியாயத்தில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

மாறாக, பாய் விரித்த ஆடுகளம் பற்றிய நான்கு பக்கங்களுக்காகவே மலரை வாங்கலாம். இறுகிய சரளை மண்மீது தேங்காய்நார்ப் பாயை இழுத்து, ஓரங்களில் இரும்பு முளை அடித்து நிறுத்துவார்கள். பாய் விறைப்பாக இருந்தால் பந்து மார்பளவு எழும். சற்றே தளர்ந்தால் வேகம் குறைந்து மந்தமாக வரும். ஆகவே முளையடிக்கும் வேலையை எந்த அணியும் எதிரணியிடம் நம்பி ஒப்படைக்கவில்லை என்று தொகுப்பாளர்கள் குறும்புடன் எழுதுகிறார்கள். பாயில் பழகிய சிறுவன் பின்காலில் நின்று வெட்டி ஆடுவதில் வல்லவனாகி, புல்தரைக்குப் போனதும் தாழ்வாக வரும் பந்துக்குத் திணறினான். கேப் டவுனில் பிறந்து பின்னாளில் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடிய பேசில் டி'ஒலிவெய்ராவே 1960இல் இங்கிலாந்தின் மிடில்டன் அணிக்குச் சென்றபோது தொடக்கத்தில் இப்படித்தான் தடுமாறினார். அந்த ஒப்பீட்டை மலர் தவறவிட்டது வியப்பாக இருக்கிறது.

பழைய ஸ்கோர் புத்தகப் பக்கங்களின் நகல்களில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஒரே அணியில் மூன்று நாயுடுகளும் இரண்டு கோவெண்டர்களும் இருக்கையில், முதலெழுத்துகூடப் போடாமல் அச்சிட்டால் சதம் அடித்தவர் யார் என்று பேரப்பிள்ளைகள் எப்படி அறிவார்கள்? நகல்களும் மங்கலாக, உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்கும் அளவில் இருக்கின்றன.

பளபளப்பான வண்ணத்தாள் முழுவதும் கடைசி அத்தியாயத்துக்கே போயிருக்கிறது. 2002 இளையோர் உலகக் கோப்பையில் அணித்தலைவராக இறுதிப்போட்டி வரை சென்ற ஹாஷிம் ஆம்லாவும், 2019இல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட் ஆடிய செனுரன் முத்துசாமியும் அதில் பக்கம் பக்கமாகச் சிரிக்கிறார்கள். இருவரும் டர்பனில் பிறந்தவர்கள், பெருமைக்குரியவர்கள். எனினும் தொடக்க கால வரலாற்றுக்கு அவர்கள் தேவையில்லை. இரண்டாம் பதிப்பு வருமானால், அந்த வண்ணத்தாளை ஸ்கோர் புத்தகப் பக்கங்களுக்கு ஒதுக்கி, பெயர்களுக்கு முன் முதலெழுத்தையும் சேர்க்கும்படி தொகுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.